மேற்கோள் குறி படுத்திய பாடு

பேக்கப் சரியாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் அதைத் திரும்ப ஏற்றும் நாளில்தான் தெரியவரும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அப்படி ஒரு கோளாறு பல ஆண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு இது. இதன் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதைப் பொதுவாக வேறு சிலர் துருவிப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணையலாம், எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று இதில் நூற்றுக்கணக்கான செட்டிங்குகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை மதிப்புதான். சிலவற்றுக்கு மட்டும் பட்டியல். தற்காலிகக் கோப்புகளை எங்கெங்கே வைப்பது என்பது அப்படி ஒன்று. 'வேகம்', 'கிடங்கு' என்று இரண்டு இடங்களை ஒருவர் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவி அதை 'வேகம், கிடங்கு' என்று ஒரே மேற்கோளுக்குள் எழுதிவைத்தது. திரும்ப ஏற்றும்போது சர்வர் அதை, நடுவில் காற்புள்ளி உள்ள ஒரே பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஓர் இடமோ சர்வரில் கிடையாது.

காரணம் அற்பமானது. எந்தெந்த செட்டிங்குகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதுவும் இரண்டு இடங்களில். அதில் இருந்தவை இரண்டே பெயர்கள். புதிய செட்டிங்குகள் வந்தபோது யாரும் அதைத் தொடவில்லை.

2018 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிரலாளர்கள் மைக்கேல் பாக்கியே, டாம் லேன் இருவரும் திருத்தம் எழுதினார்கள். வேறு இருவர் ரிவ்யூ செய்தார்கள். ஒரு செட்டிங்கைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. அதே நோய் வேறு எதற்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவதுதான் ரிவ்யூவில் பாதி வேலை. தேடியதில், முன்கூட்டியே ஏற்றவேண்டிய நூலகங்களைச் சொல்லும் மூன்று செட்டிங்குகளும் அகப்பட்டன. பட்டியலில் இருந்த தேதி வடிவ செட்டிங்குக்கோ அந்தத் தனிக்கவனிப்பே தேவையில்லை என்று தெரிந்தது. இரண்டு பட்டியல்கள் ஒன்றாயின. மே 10 அன்று வந்த 10.4 பதிப்போடு, 9.3 வரையிலான பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போனது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதியவர்கள் இருவர், பார்த்தவர்கள் இருவர். நால்வர் கண்ணுக்கும் தப்பியது வெற்று மதிப்பு. தேடல் பாதை என்பதும் இப்படி ஒரு பட்டியல் செட்டிங்தான். பாதுகாப்புக்காகச் சிலர் அதை ஒரு ஃபங்ஷனுக்கு வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். அப்படி ஒரு ஃபங்ஷன் இருந்தால் புதிய பதிப்புக்கு மாறும் வேலையே பாதியில் நின்றது. கோப்புப் பாதை 63 பைட்டைத் தாண்டினால் வால் அறுபடும் ஆபத்தும் இருந்தது. பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு பெயரையும் தனித்தனி மேற்கோளுக்குள் எழுதும் இரண்டாம் திருத்தம் ஜூலை 31 அன்று சேர்ந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று இப்போது சொல்வது சுலபம்.

ஓர் ஓட்டை மட்டும் அடைபடவில்லை. வெளியார் எழுதும் எக்ஸ்டென்ஷன்கள் இதே வகை செட்டிங்கை உருவாக்கினால் பிஜி_டம்ப்புக்கு அது தெரிய வழியில்லை. அதனால் 11ஆம் பதிப்பிலிருந்து அப்படி உருவாக்கவே தடை வந்தது. பழைய பதிப்புகளில் தடை போடவில்லை. ஏற்கெனவே அப்படி எழுதி ஓட்டிக்கொண்டிருக்கும் யாராவது இருந்தால், சின்ன அப்டேட் ஒன்றைப் போட்டதும் அவர்கள் சர்வர் மக்கர் பண்ணக் கூடாதே.