நரைக்குச் சாயம் வாங்குமுன்

நூலுக்குச் சாயமிடும் நெசவாளர், ஒரு சிட்டத்தில் சோதித்த பின்னரே மற்ற நூலைத் தொட்டியில் இறக்குவார். அந்த எச்சரிக்கையைத் தம் தலைமயிருக்குச் சாயமிடுகையில் பலரும் கைக்கொள்வதில்லை.

வீட்டில் பூசும் சாயங்களில் முக்கியமானவை இரு வகை. ஒன்று, இலைப் பொடி. மற்றொன்று, பாரா பினைலீன் டையமீன் என்னும் இரசாயனம் கலந்தது. மருதாணி தனித்து நரையைச் செம்மையாக்குமேயன்றிக் கறுப்பாக்காது. அதனைக் கழுவிய பின், நீலச் சாயம் தரும் அவுரியின் இலைப் பொடியைக் குழைத்துப் பூசினால்தான் கருமை ஏறும். ஆகவே, மருதாணி என்ற பெயரில் ஒரே பூச்சில் விரைந்து கருமை தரும் பொடியில் அவ்விரசாயனம் கலந்திருக்கக்கூடும் என ஐயுறுவது நலம்.

அது எல்லோருக்கும் தீங்கு செய்வதில்லை. ஒவ்வாதவர்க்கோ அரிப்பும் கொப்புளமும் முகவீக்கமும் உண்டாகும். முன்பு பலமுறை பூசி நலமாயிருந்தவர்க்கும் இது நேரலாம். கண் மூடுமளவு முகம் வீங்கினால் தறியில் அமர்வதெங்ஙனம்? மருத்துவச் செலவோடு கூலியும் போகும்.

இத்தகைய சாயத்தின் உறையில், முன்சோதனை தேவை என்றும், புருவத்திலும் இமையிலும் பூசலாகாது என்றும் அச்சிட வேண்டுமென்பது இந்தியச் சட்டம். கலந்துள்ள பொருள்களின் விவரம் அச்சிடப்படாத பொட்டலத்தை, விலை மலிவாயினும் வாங்காதீர்கள்.

உறையில் கண்ட முறைப்படி, காதின் பின்புறம் சிறிது பூசி 48 மணி நேரம் பொறுத்திருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அச்சாயத்தை அறவே விலக்குங்கள். ஒவ்வொரு முறையும் இவ்வாறே சோதியுங்கள். நரை இரண்டு நாள் காத்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை.