வீட்டில் மாட்சா லாட்டே: அருந்துமுன் அறிய வேண்டியவை

"மாட்சா குடிக்கலாமா?" என்னும் கேள்வியை எங்கள் புறநோயாளர் பிரிவில் இப்போது இளையோர் மட்டுமன்றி அவர்தம் பெற்றோரும் கேட்கின்றனர். மகளோ மருமகளோ பச்சைத் தூள் டப்பா ஒன்றை வாங்கி வந்திருப்பார். அது உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உடன் வந்திருக்கும். குடிக்கலாம் என்பதே பெரும்பாலோர்க்கு எங்கள் விடை. சிலருக்கு அவ்வளவு எளிதாக விடை கூற இயலாது.

மாட்சாவும் தேயிலையே. ஜப்பானில் கியோட்டோவை அடுத்த ஊஜி முதலிய ஊர்களில், இலை பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேல் நிழற்பந்தலிட்டு வெயிலைக் குறைக்கின்றனர். அதனால் இலை கரும்பச்சை நிறம் பெறுகிறது; துவர்ப்பு குறைந்து, தியானின் என்னும் அமினோ அமிலம் மிகுகிறது. அதனை ஆவியில் வாட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, மாவாக அரைக்கின்றனர். வழக்கமான தேநீரில் சாற்றை மட்டும் அருந்திச் சக்கையை எறிந்துவிடுகிறோம். மாட்சாவிலோ இலை முழுவதும் வயிற்றுக்குள் செல்கிறது. மருத்துவ நோக்கில் இவ்வேறுபாடே முதன்மையானது.

ஒருவருக்கு 2 கிராம் தூள், அதாவது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி, போதும். தூள் எளிதில் கட்டிபடும் என்பதால் வடிகட்டியில் சலித்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் கசக்கும். கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரி வெப்பத்தில் 60 மில்லி ஊற்றி, நுரை எழும்வரை விரைந்து அடிக்க வேண்டும். ஜப்பானியர் இதற்கு மூங்கிலால் ஆன சாசென் வைத்திருக்கின்றனர். பால் நுரைக்கும் சிறு கருவியும் உதவும். மூடிய புட்டியில் குலுக்குவோர் குளிர்ந்த நீரையே பயன்படுத்துக. சூடான நீர் மூடியைத் தள்ளித் தெறிக்கக்கூடும். பின்னர் 150 மில்லி சூடான பாலைச் சேர்த்தால் லாட்டே ஆயத்தம். சர்க்கரை உங்கள் விருப்பம். நீரிழிவு உடையோர்க்கு அது வேண்டா. கடைகளில் கிடைக்கும் ஆயத்தக் கலவைகள் பலவற்றின் உட்பொருள் பட்டியலில் முதலிடம் பெறுவது சர்க்கரையே.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். இதய வால்வு மாற்றியவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகுமரால் உட்கொள்வோரும் இதனைக் கவனமாகப் படிக்க வேண்டும். தேயிலையில் வைட்டமின் கே உண்டு. வடித்த தேநீரில் அது மிகச் சிறிதளவே இறங்குகிறது. இலையையே விழுங்கும்போது கூடுதலாக உடலில் சேர்கிறது. மருந்தின் ஆற்றல் குறைந்தால் வால்வில் இரத்தம் உறையக்கூடும். இரண்டு மாதம் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், அதே மருந்தளவு மிகையாகி இரத்தக் கசிவு நேரலாம். ஆகவே தொடங்குவதாயினும் நிறுத்துவதாயினும் முன்பே எங்களிடம் கூறுங்கள், ஐ.என்.ஆர். பரிசோதனையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம்.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வோர், மாத்திரைக்கும் இப்பானத்திற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுக. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை உட்கொள்வோர்க்கும் பால் கலந்த எப்பானமும் ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே. நாடோலால் என்னும் இரத்த அழுத்த மருந்தின் அளவைப் பச்சைத் தேயிலை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. மயலோமா புற்றுநோய்க்குப் போர்டெசோமிப் ஊசி பெறுவோர் மாட்சாவைத் தவிர்ப்பதே நன்று.

2 கிராம் தூளில் ஏறக்குறைய 40 முதல் 90 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். உறக்கமின்மையும் படபடப்பும் உடையோர் மாலையில் அருந்த வேண்டா. கருவுற்ற பெண்கள் காப்பி, தேநீர் யாவும் சேர்த்து ஒரு நாளில் 200 மில்லிகிராமைக் கடத்தலாகாது. நீர் அளவு வரையறுக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளர் இந்த 210 மில்லியையும் அன்றைய கணக்கில் எழுதிக்கொள்க.

எடை குறைப்பதற்கென விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளை இக்கோப்பையோடு ஒப்பிட வேண்டா. அவற்றின் செறிவு மிக அதிகம். அவற்றால் கல்லீரல் பாதிப்புற்றோர் உண்டு. வீட்டில் அத்தகைய புட்டி இருப்பின், அடுத்த வருகையின்போது மற்ற மாத்திரைகளுடன் அதனையும் மாட்சா டப்பாவையும் எடுத்து வாருங்கள். உட்பொருள் பட்டியலை நாங்களே பார்த்துச் சொல்கிறோம்.