ஓடும்போது காது திறந்திருக்கட்டும்

காதுத் துளையை அடைக்காமல், வெளியே இருந்தபடியே ஒலியைச் சேர்க்கும் ஹெட்போன்கள் கடைகளில் ‘ஓப்பன் இயர்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள் ஆகியோரை எண்ணியே இவற்றில் பல வடிவமைக்கப்படுகின்றன. பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வரும் லாரியின் ஹாரனும், தெரு நாயின் உறுமலும், உடன் ஓடுபவரின் குரலும் காதில் விழ வேண்டும் என்பதுதான் இவற்றின் நோக்கம். அந்த நோக்கத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பவருக்குப் பொருத்தமான கருவி கிடைக்கும். ஒலித் தரத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

பாட்டு கேட்டுக்கொண்டே பயிற்சி செய்வதில் உண்மையான பயன் உண்டு. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கரகியோர்கிஸ், இசைக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். மிதமான வேகத்தில் பயிற்சி செய்யும்போது இசை கேட்டால், அதே உழைப்பு சற்று எளிதாகத் தோன்றுகிறது என்பது இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. உடலின் எல்லைவரை முயலும்போது மூச்சிரைப்பும் தசைவலியும் கவனத்தை இழுத்துக்கொள்வதால் இந்தப் பயன் குறைந்துவிடுகிறது.

காதை அடைப்பதால் வரும் தொல்லை

காதுக்குள் செருகும் ரப்பர் முனை கொண்ட இயர்போனை அணிந்து ஓடினால், ஒவ்வோர் அடியும் தலைக்குள் ‘தொம் தொம்’ என்று கேட்கும். கால் தரையில் மோதும் அதிர்வு எலும்புகள் வழியாக மேலேறிக் காதுத் துளையின் சுவர்களை அதிரவைக்கிறது. துளை திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும். அடைத்திருந்தால் உள்ளேயே சிக்கி, செவிப்பறையைத் தாக்கும். தன் குரலும் மென்று தின்னும் சத்தமும் அப்போது பெரிதாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். காதை அடைக்காத ஹெட்போனில் இந்தத் தொல்லை இல்லை.

வியர்வை இன்னொரு காரணம். அடைபட்ட துளைக்குள் வெப்பமும் ஈரமும் தேங்கும். ஏற்கெனவே காதில் அரிப்போ, புறச்செவி அழற்சியோ அடிக்கடி வருபவர்களுக்கு இது நல்லதல்ல. காதுக் குறும்பி இயல்பாகவே மெல்ல வெளியே நகர்ந்து வரக்கூடியது. தினமும் ரப்பர் முனையைச் செருகுவது அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது.

எலும்பு வழியா, காற்று வழியா?

காதை அடைக்காத ஹெட்போன்கள் இரண்டு முறைகளில் இயங்குகின்றன.

முதலாவது, எலும்பு வழி. காதுக்கு முன்னால், கன்ன எலும்பின் மேல் பதியும் சிறு கருவி அதிர்கிறது. அந்த அதிர்வு மண்டையோட்டு எலும்புகள் வழியாக உள்செவியில் உள்ள நத்தை எலும்பை அடைகிறது. செவிப்பறையைக் கடக்க வேண்டியதில்லை. காது மருத்துவர்கள் இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்துச் செய்யும் சோதனையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ரன் வரிசை இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. இவ்வகையின் குறை தாழ்ந்த சுருதிகளில் தெரியும். தவில், மிருதங்கம், பேஸ் கிதார் ஆகியவற்றின் அடியொலி மெலிந்து கேட்கும்; ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் கூச்சம் எடுக்கும். இதைத் தீர்க்கவே 2024இல் வந்த ஓப்பன்ரன் புரோ 2, தாழ்ந்த சுருதிகளை மட்டும் ஒரு சிறு ஸ்பீக்கரிடம் ஒப்படைத்தது.

இரண்டாவது, காற்று வழி. காது மடலில் தொங்கும் அல்லது பதியும் சிறு ஸ்பீக்கர், துளையை நோக்கி ஒலியைச் செலுத்துகிறது. பாட்டுக்கு இதுவே பொதுவாக மேல். போஸ் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கிளிப் வடிவ அல்ட்ரா ஓப்பன் இயர்பட்ஸ், சோனி 2022இல் வெளியிட்ட, நடுவில் துளையுள்ள வளைய வடிவ லிங்க்பட்ஸ் ஆகியவை இந்த வகை. இங்கும் துளையை அடைக்காததால் அடியொலி ஓரளவு காற்றில் கரைந்துவிடும். ஒலி வெளியே கசிவதைக் குறைக்க, எதிர்த் திசையில் எதிர் அலையை எழுப்பி ஒன்றையொன்று தணிக்கும் உத்தியைப் பல நிறுவனங்கள் கையாளுகின்றன. ஆனாலும் அமைதியான அறையில் அருகில் இருப்பவருக்குப் பாட்டு லேசாகக் கேட்கும்.

மலிவான பொருள்களில் சில, சாதாரண ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு எலும்பு வழி என்று விளம்பரம் செய்கின்றன. கண்டுபிடிப்பது எளிது. பாட்டை ஓடவிட்டு இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துப் பார்க்க வேண்டும். உண்மையான எலும்பு வழிக் கருவியில் பாட்டு தெளிவாகவே கேட்கும். அடியொலி கூடவும் செய்யும். ஸ்பீக்கராக இருந்தால் சத்தம் சட்டென்று குறைந்துவிடும்.

உடலுக்கு ஏற்ற வடிவம்

அணிந்திருப்பதே மறந்துபோகும் அளவுக்கு வசதி வேண்டுமென்றால், வடிவத்தைத் தலைக்கும் காதுக்கும் பயிற்சிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். சந்தையில் முக்கியமாக மூன்று வடிவங்கள் உள்ளன.

பிடரியைச் சுற்றிவரும் வளையம் கொண்டவை பெரும்பாலும் எலும்பு வழிக் கருவிகள். எவ்வளவு குதித்தாலும் கீழே விழாது. ஒரு பக்கம் மட்டும் தொலைந்துபோகும் கவலையும் இல்லை. ஓப்பன்ரனின் எடை சுமார் 26 கிராம்தான். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஆனால் பெஞ்சில் படுத்து எடை தூக்கும்போதும், பாயில் மல்லாந்து வயிற்றுப் பயிற்சி செய்யும்போதும் வளையம் பெஞ்சிலோ தரையிலோ இடித்து முன்னால் தள்ளப்படும். தாழ்வாகப் போட்ட கொண்டையும் வளையத்தோடு உரசும். வளையம் தலைக்குச் சிறிதாக இருந்தால் கன்னத்தை அழுத்தி அரை மணி நேரத்தில் வலி தரும். பெரிதாக இருந்தால் கருவி எலும்பில் சரியாகப் பதியாமல் ஒலி மங்கும். சிறிய தலைக்கென்று தனி அளவு கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

காது மடலின் பின்னால் வளைந்து மாட்டும் கொக்கி வடிவம், படுத்தும் குனிந்தும் செய்யும் பயிற்சிகளுக்கு வசதியானது. மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் காதின் பின்புறம் இடநெருக்கடி ஆகும். கண்ணாடியின் தடித்த கம்பியும் கொக்கியும் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் சிவந்துவிடும்.

காது மடலின் விளிம்பைக் கவ்வும் கிளிப் வடிவம் கண்ணாடிக்கும் தலைக்கவசத்துக்கும் இடைஞ்சல் செய்யாது. ஆனால் மேல்காதில் தோடு அணிபவர்களும், மாட்டல் போடுபவர்களும் கிளிப் கவ்வும் இடத்தில் நகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மடல் உள்ளவர்களுக்கு ஓட்டத்தில் கிளிப் மெல்லச் சுழன்று ஒலியின் திசை மாறிவிடுவதும் உண்டு.

வியர்வையும் தண்ணீரும்

பெட்டியின் மேல் ஐ.பி. என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். இது ஐ.இ.சி. 60529 என்ற பன்னாட்டுத் தரத்தைச் சேர்ந்தது. முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் தண்ணீரையும் குறிக்கின்றன. எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள். தண்ணீருக்கான எண் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடாது. ஜிம் பயிற்சிக்கு 4 போதும். மழையிலும் ஓடுபவர்களுக்கும், சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வியர்வை காயாமல் வழிய ஓடுபவர்களுக்கும் 5 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுகின்றன. வியர்வையிலோ உப்பு உண்டு. சார்ஜ் ஏறும் உலோக முனைகளை அரிப்பது அந்த உப்புதான். ஓட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும். வியர்வையோடு பெட்டிக்குள் வைத்து மூடுவது கருவியின் ஆயுளைக் குறைக்கும்.

நீச்சலுக்கு இவை உதவா. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரில் சில அங்குலம் தாண்டுவதே கடினம். பாடல்களைத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கும் தனி வகைக் கருவிகள்தான் நீச்சலுக்கு ஏற்றவை.

பேட்டரியும் பொத்தானும்

தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவருக்கு எந்தக் கருவியின் பேட்டரியும் போதுமானது. 42.195 கிலோமீட்டர் மாரத்தானை ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி முடிப்பவர்கள், ஒரே சார்ஜில் எட்டு மணி நேரமாவது நிற்கும் கருவியைத் தேடுவது நல்லது. பேட்டரி பழசாகும்போது அந்த நேரம் குறையும். தொடு பரப்பைவிட அழுத்தும் பொத்தானே ஓட்டத்துக்கு உகந்தது. ஈர விரலும் வழியும் வியர்வையும் தொடு பரப்பைக் குழப்பி, பாட்டைத் தானே மாற்றிவிடும்.

ஒலி அளவே முக்கியம்

எலும்பு வழிக் கருவி செவிப்பறையைத் தொடாததால் காதுக்குக் கேடு செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது தவறு. அதிக சத்தத்தால் அழிவது நத்தை எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள். ஒலி எந்த வழியாக வந்தாலும் கடைசியில் அங்கேதான் சேர்கிறது. அழிந்த செல்கள் மனிதருக்குத் திரும்ப வளர்வதில்லை.

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் ஒலியைக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்கு வந்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான்.

காதை அடைக்காத ஹெட்போனில் ஒளிந்திருக்கும் ஆபத்தும் இதுவே. வெளிச் சத்தம் தடையின்றி உள்ளே வருவதால், பேருந்தும் லாரியும் ஓடும் நெடுஞ்சாலையில் பாட்டு அமுங்கிப்போகும். உடனே கை ஒலியைக் கூட்டத்தான் போகும். அப்போது காதும் கெடும், சாலையும் கேட்காது. திறந்த காதால் கிடைத்த பாதுகாப்பு வீணாகிவிடும். இரைச்சலான சாலையில் பாட்டை நிறுத்திவிடுவதோ, பூங்கா, விளையாட்டுத் திடல், உட்தெரு என்று பாதையை மாற்றுவதோதான் சரி. ஸ்பீக்கரில் பாட்டு முழங்கும் ஜிம்மில் காதை அடைக்கும் இயர்போனைக் குறைந்த ஒலியில் கேட்பது காதுக்கு இதைவிட இதமானது. அங்கே வாகனம் வரும் அச்சமும் இல்லை.

பந்தயங்களில் ஓடுபவர்கள் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில், வாகனங்களுக்கு முழுமையாக மூடப்படாத சாலைகளில் நடக்கும் பந்தயங்களில் ஹெட்போனுக்குத் தடை இருக்கிறது; எலும்பு வழிக் கருவிகளுக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில், சாம்பியன் பட்டத்துக்கோ பரிசுத் தொகைக்கோ போட்டியிடாத ஓட்டக்காரர்களின் விஷயத்தில் முடிவை ஏற்பாட்டாளர்களிடம் விட்டிருக்கிறார்கள்.

வாங்கும் முன் சோதனை

கடையில் அணிந்து பார்க்க வாய்ப்புக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வழக்கமாக அணியும் கண்ணாடி, தொப்பி, காதணியோடு போட்டு, பத்து நிமிடமாவது கழற்றாமல் இருக்க வேண்டும். தலையை ஆட்டியும், நின்ற இடத்தில் குதித்தும், குனிந்தும் பார்க்க வேண்டும். வாயை அசைத்துப் பேசும்போது கருவி நகர்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளியில் அழுத்தம் தெரிந்தால், அரை மணி நேர ஓட்டத்தில் அது வலியாகும். இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் வசதி இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடைசிச் சோதனை ஒலி அளவுக்கானது. கைப்பேசியில் ஒலியை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துப் பாட்டை ஓடவிட்டு, இரண்டடி தள்ளி நிற்பவரைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்ல வேண்டும். பாட்டின் வரியும் அவர் பேச்சும் ஒருசேரப் புரிந்தால் அந்தக் கருவி அதன் வேலையைச் செய்கிறது. அந்த அளவில் பாட்டு போதவில்லை என்று தோன்றினால் வேறு கருவியைப் பார்க்க வேண்டும். ஒலியைக் கூட்டி ஈடுகட்ட முயலக் கூடாது.