நிக்கோட்டினுக்காக அமைந்த கதவு அல்ல

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது அசிட்டைல்கோலினைப் பற்றிச் சொல்கிறோம். ஒரு நியூரான் வெளிவிடும் இந்த வேதிப்பொருளை அடுத்த செல்லில் உள்ள ஏற்பிகள் பெற்றுக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு வகையின் பெயர் நிக்கோட்டினிக் ஏற்பி. இதைக் கேட்ட மாணவர் ஒருவர், "அப்படின்னா புகையிலைக்குன்னே மூளையில இடம் இருக்கா சார்?" என்றார். எல்லா வகுப்பிலும் பேசப்பட வேண்டிய கேள்வி இது.

பெயர் வந்த காரணம் எளிது. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியல் அறிஞர், தசையின் மீது நிக்கோட்டினை இட்டபோது அது சுருங்குவதையும், கியூராரே என்னும் அம்பு நஞ்சு அதைத் தடுப்பதையும் கண்டார். இரண்டையும் ஏற்கும் பொருள் ஒன்று செல்லில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சோதனைக்கு உதவிய பொருளின் பெயரே ஏற்பிக்கு நிலைத்துவிட்டது. உண்மையில் அது அசிட்டைல்கோலினுக்கான கதவு.

ஐந்து புரத அலகுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. துளை திறந்தால் சோடியம் உள்ளே வரும். ஆல்ஃபா-7 என்ற வகையில் கால்சியமும் மிகுதியாக நுழையும். அளவான கால்சியம், செல் பிழைத்திருக்க உதவும் வேதிவினைகளைத் தூண்டும். அளவு மீறினால் செல்லையே அழிக்கும்.

கருவிலேயே இந்த ஏற்பிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வளரும் நரம்பு மண்டலம் தேவைக்கு அதிகமாக நியூரான்களை உருவாக்கிப் பின்னர் பலவற்றைக் கழிக்கிறது. எது பிழைக்கும், எந்த இணைப்பு நிலைக்கும் என்பதில் அசிட்டைல்கோலினுக்கும் பங்கு உண்டு. கோழிக் கருவில் இந்த ஏற்பிகளைத் தடுத்தபோது, பிழைக்கும் நியூரான்களின் எண்ணிக்கையே மாறியது.

அசிட்டைல்கோலினை ஒரு நொதி நொடிப்பொழுதில் சிதைத்துவிடும். நிக்கோட்டினை அந்த நொதியால் சிதைக்க முடியாது. அது தங்கியிருப்பதால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. நாளடைவில் அவற்றின் எண்ணிக்கையும் கூடுகிறது. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவுக்கும் அது செல்கிறது. கவனம், திட்டமிடல், சுயக்கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. ஆகவே நம் மாணவர்களின் மூளை இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு.

ஆய்வகத்தில் வளர்த்த நியூரான்களைச் சில சூழல்களில் நிக்கோட்டின் அழிவிலிருந்து காத்தது உண்மைதான். அதை வைத்து 'மூளைக்கு நல்லது' என்று யாராவது சொன்னால், தட்டில் வளரும் செல் வேறு, வளரும் பிள்ளை வேறு என்று விளக்குங்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புற்றுநோய் தொலைதூர ஆபத்தாகவே தோன்றும். "இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் உன் மூளை" என்றால் காது கொடுக்கும். இதை ஒரு விளையாட்டாகவும் காட்டலாம். ஒருவர் ஏற்பியாகக் கை நீட்டி நிற்கட்டும். 'அசிட்டைல்கோலின்' கையைத் தட்டிவிட்டு நகரட்டும். ஏற்பி ஒவ்வொரு தட்டையும் எண்ணட்டும். பிறகு 'நிக்கோட்டின்' வந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அடுத்து வரும் அசிட்டைல்கோலினுக்குத் தட்டக் கை இருக்காது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் எதில் வந்தாலும் நிக்கோட்டின் இதையே செய்யும் என்று அப்போது சொல்லுங்கள்.