ஆறு வரும் நாளுக்கு ஆயத்தம்

செஞ்சிக்கு வரும் யாத்ரிகர்கள் அண்ணாந்து பார்த்தபடியே வந்து, அண்ணாந்து பார்த்தபடியே திரும்பிப் போவது வழக்கம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும் கண்ணை மேலே இழுத்துக்கொண்டு விடுகின்றன. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரிய வரிசையில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. ஆனால், இந்தக் கோட்டை ஊருக்கு ஓர் ஆறும் உண்டு என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

சங்கராபரணி என்பது அதன் பெயர். வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். செஞ்சியை அடுத்த பாக்கமலைக் காடுகளில் பிறந்து, வீடூர் அணையில் தங்கி, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரைப் பக்கமாகச் சென்று, புதுச்சேரிக்கு அருகே கடலில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அது வெறும் மணல்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் மட்டும் சில நாட்கள் ஆறாகிறது.

ஒரு நாள் வகுப்பிலே நைல் நதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ஸார், நம் ஆறு பிறக்கிற இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். நாம் பார்த்ததில்லை. அன்று தீர்மானித்தோம்: காட்டு ஓடையில் முதல் வெள்ளம் இறங்கி வருவதை விடியோப் படமாகப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று.

சென்ற வருஷம் புறப்பட்டோம்; தோற்றோம். இரவல் காமிராவை முன்னிரவு ஓர் உறவினர் வீட்டில், குளிர்சாதன அறையில் பத்திரமாக வைத்திருந்தோம். காலையில் ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்ததும், பனிக்காலத்து மூக்குக்கண்ணாடிபோல் லென்ஸ் முழுவதும் வெண்படலம் படர்ந்துவிட்டது. படலம் கலைவதற்குள் பாட்டரி பாதி தீர்ந்தது. நினைவு அட்டையிலோ யாரோ ஒருவருடைய கல்யாணம் நிரம்பியிருந்தது!

எங்களோடு மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் சொன்னார். எந்த வருஷத்து வெள்ளம் எதுவரை ஏறிற்று என்று கைத்தடியால் தொட்டுக் காட்டினார். ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. “அதனால் என்ன, வாத்தியாரே! அடுத்த மழைக்கு வாங்க, சொல்றேன்” என்றார். இந்த மழைக்கு அவர் இல்லை.

ஆகவே, இவ்வருஷம் ஆவணி மாதத்திலேயே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டோம். ராஜகிரியிலே இதற்குப் பாடம் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை ஜுல்பிகர் கான் தலைமையில் மொகலாயப் படை இக்கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்தது. கோட்டைக்குள் நெற்களஞ்சியமும் சுனைகளும் குளங்களும் இருந்தன. முற்றுகை தொடங்கிய பிறகு கடைக்குப் போக முடியுமா? காட்டு ஓடைக்கரையும் அப்படிப்பட்ட இடந்தான்.

முதலில், வனத்துறையின் அனுமதிக்கு எழுதினோம். காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கால் வைப்பது முறையன்று. பிறகு பாட்டரிகள் மூன்று. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே தீருமட்டும் ஓட்டி, எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டினோம். சில்லறைக் காசோடும் சாவிக்கொத்தோடும் உராயாதபடி தனித்தனி உறையில் போட்டோம். லித்தியம் பாட்டரியின் இரு முனைகளும் உலோகத்தால் சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

நினைவு அட்டைக் கணக்கை மாணவர்களே போட்டார்கள். விநாடிக்கு 10 கோடி பிட் வீதம் பதிவானால், ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் அட்டை ஒன்றேகால் மணிக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். எனவே மூன்று அட்டைகள். கல்யாணம் எதுவும் இல்லாதவை!

ஈரத்துக்கு மருந்து, காற்றுப் புகாத டப்பாவும் ஸிலிகா ஜெல் பொட்டலங்களும். குளிர்ந்த இடத்திலிருந்து வந்தால், காமிராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவைத்து, வெளிக் காற்றின் வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே பாட்டரியைக் கழற்ற வேண்டும், ‘வேலை செய்கிறதா?’ என்று முடுக்கிப் பார்ப்பதுதான் அதற்கு யமன். அரிசிப் பானையில் புதைக்கும் வைத்தியத்தால் காமிராவுக்குள் மாவு சேருமே தவிர வேறு பயன் இல்லை.

நீர்மேல் படும் பளபளப்பைக் குறைத்து, அடியிலுள்ள கூழாங்கல்லைக் காட்டப் போலரைஸர் கண்ணாடி ஒன்று. காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்கு மயிருறை. காமிரா நிற்கும் முக்காலியின் நடுவே தொங்கவிட, கல் நிரப்பக்கூடிய சாக்குப் பை. பேசுவோர் வாயருகே வைக்கத் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். அதை வாங்கியபோது பெரியவரின் நினைவு வந்தது.

எல்லாம் சேர்ந்த பின் பள்ளி முற்றத்தில் ஒத்திகை. குடையின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, அதன் கீழே அட்டையையும் பாட்டரியையும் மாற்றிப் பழகினார்கள். நமது கட்டளை ஒன்றே: ஓடும் வெள்ளத்தில் ஒருவரும் இறங்கக் கூடாது. காமிரா போனால் இன்னொன்று வாங்கலாம்.

‘ஒரு சிறு படத்திற்கா இத்தனை பாடு?’ என்று நேயர்கள் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பத்ரா நதி பிறக்கும் குதிரேமுகத்தில் இரும்புச் சுரங்கம் ஒன்று நடந்துவந்தது. கொட்டும் மழையில் சுரங்க மண் ஆற்றைச் செந்நிறமாக்குவதை, சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001-இல் ஒரு குறும்படமாக எடுத்துக் காட்டினார். பலரும் வழக்காடினார்கள். 2005 முடிவுக்குள் சுரங்கத்தை நிறுத்தவேண்டுமென்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் ஒன்றே அதைச் சாதித்தது என்று சொல்லமாட்டோம். ஆனால், மழை நாளில் காமிரா பழுதாகியிருந்தால் அந்தச் செந்நீர் ஊராருக்குத் தெரிந்திராது.

நம் சங்கராபரணிக்கு இன்று வழக்கு எதுவும் வேண்டாம், சாட்சி வேண்டும். முப்பது வருஷம் கழித்து, “இங்கே தண்ணீர் ஓடிற்றா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “இதோ, பார்!” என்று காட்ட வேண்டும்.

அன்று மாலையே படத்தை இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு பேரிடம் இரண்டு பைகளில் கொடுப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். அடிவாரத்தில் பெரியவரின் மகள் இருக்கிறார். பாறைகளின் பெயர்களில் பாதி தமக்கும் தெரியும் என்றும், தாமும் உடன் வருவதாகவும் சொல்லியனுப்பியிருக்கிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. மாணவர்கள் பாடத்தைவிட ஜன்னலையே அதிகம் பார்க்கிறார்கள். நாமும் கண்டிப்பதில்லை, மேற்கே கறுக்கிறதா என்று நாமும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறோம்.