ஓரெழுத்து உள்ளீட்டைச் சரிபார்த்தல்: சி மொழி நிரலும் தமிழ் எழுத்தும்

சிட்னி, மெல்பேர்ண் நகரங்களின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்காக, விடுபட்ட எழுத்தைத் தட்டச்சிடும் பயிற்சி நிரல் ஒன்று சி மொழியில் எழுதப்படுவதாகக் கொள்வோம். பிள்ளை 'கொ' எனச் சரியாக விடையளித்தும், 'ஓர் எழுத்து மட்டும் தருக' என நிரல் மறுக்குமாயின், பிழை பிள்ளையினுடையதன்று. எழுத்து எது என நிரலர் வரையறுத்த முறையே பிழையானது.

சி மொழியின் 'கெட்சார்' ஒரு பைட்டை மட்டுமே வாசிக்கும். அது தரும் மதிப்பை முழுவெண் மாறியில் ஏற்றல் வேண்டும். 'சார்' மாறியில் ஏற்றின், உள்ளீடு முடிந்ததைக் காட்டும் மறை எண்ணை உண்மையான பைட்டிலிருந்து பிரித்தறிதல் இயலாது போகலாம். எழுத்தின்பின் அழுத்தப்படும் என்டர் விசையின் புதுவரிக் குறியோ இடையகத்தில் எஞ்சி, அடுத்த வினாவுக்கு விடையாகிவிடும். ஆதலின் 'எஃப்கெட்ஸ்' கொண்டு வரி முழுவதையும் வாங்கி, புதுவரிக் குறியை நீக்கியபின் சோதித்தலே தக்கது.

இத்துணையும் ஆங்கிலத்துக்குப் போதுமானது, தமிழுக்குப் போதாது. சிட்னியிலிருந்து இயங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் 1990களின் பிற்பகுதியில் விவாதிக்கப்பட்டு உருவான திஸ்கி குறியேற்றத்தில், 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று பைட்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அமைந்தது. இன்றைய ஒருங்குறியில் அது ககரம், ஒகரக் குறி என இரு குறியீடுகளாகும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுதலின், 'கொ' ஆறு பைட்டாகிறது: 224, 174, 149; 224, 175, 138. 'சார்' குறியுடைய வகையாயுள்ள கணினிகளில் 224 என்பது −32 ஆக மாறும். அதனை அவ்வாறே 'ஈஸ்ஆல்ஃபா'வுக்கு அனுப்புதல் சி மொழி வரையறைக்குப் புறம்பானது.

ஒரு குறியீடே ஓர் எழுத்து எனக் கொள்ளினும் இடர் தீராது. இலக்கணத்தில் 'க்' முதலெழுத்து, 'க' உயிர்மெய். ஒருங்குறியிலோ 'க' அடிப்படை. 'க்' அதனோடு புள்ளி சேர்ந்தது. எனவே 247 எழுத்துகளுள் உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆகிய 31 மட்டுமே ஒரு குறியீட்டில் அடங்கும். மெய் 18, ஏனைய உயிர்மெய் 198 ஆகிய 216 எழுத்துகளும் இரு குறியீடுகள் பெறும். ஒற்றைக் குறியீட்டை மட்டும் ஏற்கும் நிரல், நெடுங்கணக்கின் பெரும்பகுதியை எழுத்தன்று என ஒதுக்கிவிடும்.

தக்க விதி எளியது. உயிரோ ஆய்தமோ தனித்து வரலாம். ககரம் முதலிய அடிப்படைக் குறியீடு தனித்தோ, ஓர் உயிர்க்குறியுடனோ, புள்ளியுடனோ வரலாம். குறி மட்டும் தனித்து வரின் மறுத்தல் வேண்டும். ஒகரக் குறியை எகரக் குறியும் காலுமாகப் பிரித்து அனுப்பும் உள்ளீடும் உண்டு. ஓகார, ஔகாரக் குறிகளும் 'ஔ' எனும் உயிரும் அவ்வாறே பிரியும். இந்நான்கு இணைகளையும் முதலில் ஒன்றாக்கிய பின்னரே விதியைப் பொருத்துதல் வேண்டும்.

எழுத்தின் எல்லையை வகுப்பது இலக்கணம். பைட்டுக் கணக்கு அதன் சேமிப்பு முறை மட்டுமே. இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதப்படும் நிரலே, வீட்டுக்கு வெளியே தமிழை அரிதாகக் காணும் பிள்ளையின் சரியான விடையைச் சரியென ஏற்கும்.