வெளிநாட்டுக்கு பார்சல்: ‘கிஃப்ட்’னு எழுதிட்டா வரி கிடையாதா?

பொங்கல் நெருங்குகிறது. டல்லாஸில் இருக்கும் அக்காவுக்கு ஒரு புடவை, மாமாவுக்கு வேட்டி, பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் பல வீடுகளில் இப்போது ஒரு அட்டைப்பெட்டி தயாராகிக்கொண்டிருக்கும். பெட்டியை ஒட்டி முடித்ததும் மேலே கொட்டை எழுத்தில் ‘கிஃப்ட்’ என்று எழுதிவிட்டால் கஸ்டம்ஸ் தொல்லை இருக்காது என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கும்.

அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்த நாட்டுக்குப் போகிறது, உள்ளே இருப்பது எவ்வளவு பெறும் என்பதைப் பொறுத்தது அது. 2025-இல் அமெரிக்கா விஷயத்தில் விதியே தலைகீழாக மாறிவிட்டது. எதிர்த்திசையில், அதாவது வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் பார்சலில், ‘கிஃப்ட்’ என்ற சொல்லுக்கு மதிப்பே போய் ஆறு வருஷம் ஆகிறது. இது பலருக்கும் இன்னும் தெரியாது.

அமெரிக்காவில் என்ன மாறியது?

2016-இலிருந்து அமெரிக்காவில் ஒரு சலுகை இருந்தது. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல் வரி இல்லாமல் உள்ளே போகலாம். நாம் அனுப்பும் புடவையும் பலகாரமும் அந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம் என்பதால், வரி என்ற பேச்சே எழாமல் இருந்தது. 2025 ஜூலை 30 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு, ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகையை நிறுத்தியது. அதே நேரத்தில் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியும் 50 சதவீதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், 27-இல் இன்னொரு 25.

சிக்கல் என்னவென்றால், இந்த வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதற்கு வழிமுறையே சரியாக உருவாகியிருக்கவில்லை. விமான நிறுவனங்கள் தபால் மூட்டைகளை ஏற்றத் தயங்கின. ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல் பதிவை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. கடிதங்களும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளும் மட்டும் போகும் என்றார்கள். சில நாட்களில் அதுவும் நின்றது. ஒன்றரை மாதம் கழித்து, அக்டோபர் 15-இல்தான் சேவை திரும்பியது.

திரும்பி வந்த சேவை பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் வரி என்று ஏதாவது வந்தால் அதைப் பார்சலை வாங்குபவர் கட்டுவார். இப்போது அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பினால், அனுப்புபவரே இங்கே கவுன்ட்டரில் வரியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தொழில் வட்டாரத்தில் இதை ‘டிடிபி’ என்பார்கள்: வரி கட்டி ஒப்படைப்பது. 2025 அக்டோபரில் சேவை திரும்பியபோது தொகை, நீங்கள் குறிப்பிடும் பொருள் மதிப்பில் நேராக 50 சதவீதமாக இருந்தது. இதில் தபால் கட்டணம் சேராது, பொருளின் விலை மட்டும்தான். வரியை வசூலித்துக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றும் அஞ்சல் துறை சொல்லியிருக்கிறது.

ஆக, அந்த விகிதத்தில் 15,000 ரூபாய் பட்டுப்புடவை ஒன்றை அனுப்பினால், வரி மட்டும் 7,500 ஆனது. தபால் செலவு தனி. அக்கா ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று தோன்றுகிறதா? நியாயம்தான்.

100 டாலர் கதவு

ஆனால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும், 100 டாலருக்கு மிகாத உண்மையான அன்பளிப்புக்கு அமெரிக்காவில் இப்போதும் வரி இல்லை. 2025 இறுதி மதிப்பில் சுமார் 9,000 ரூபாய். இந்த இடத்தில் மட்டும் ‘கிஃப்ட்’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பலன் உண்டு.

நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 100 டாலர் என்பதுதான் கணக்கு. ஒரே வீட்டில் அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேருக்கு ஒரே பெட்டியில் அனுப்புகிறீர்கள் என்றால், ஒவ்வொருவருக்குமானதைத் தனித்தனியாகச் சுற்றி, மேலே அவரவர் பெயரை எழுதி, படிவத்திலும் தனித்தனியாக மதிப்பைக் குறிப்பிட வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு ‘துணிமணி, 300 டாலர்’ என்று எழுதினால் சலுகை போச்சு. 100-ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்றும் நினைக்காதீர்கள். முழு மதிப்புக்கும் வரி. அக்காவிடம் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் பொருள் அன்பளிப்பு ஆகாது, அது விற்பனை.

சரி, மதிப்பைக் குறைத்து எழுதிவிடலாமே? இந்த யோசனையைக் கவுன்ட்டர் வரிசையில் பின்னால் நிற்பவரே இலவசமாகச் சொல்வார். பொய் மதிப்பு என்று சுங்கத் துறைக்குப் பட்டால் பார்சலைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம். அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு. பார்சல் தொலைந்தால் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. 15,000 ரூபாய் புடவையை 2,000 என்று எழுதினால், தொலையும்போதும் அது 2,000 ரூபாய் புடவைதான்.

முறுக்கு போகும், பச்சரிசி போகாது

பலகாரத்துக்குத் தனி விதி. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2002-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, அந்த நாட்டுக்குள் நுழையும் உணவுப்பொருள் பற்றி அவர்களின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதில் ஒரு விலக்கு: ஒருவர் தன் வீட்டில் செய்து, தானே அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு முன்னறிவிப்பு வேண்டாம். கடையில் வாங்கிய பாக்கெட்டுக்கு வேண்டும். அம்மா சுட்ட முறுக்குக்கு அமெரிக்கச் சட்டம் தனி இடம் கொடுத்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. படிவத்தில் வெறுமனே ‘ஸ்நாக்ஸ்’ என்று எழுதாமல், வீட்டில் செய்தது, இன்ன மாவு என்று எழுதுங்கள்.

பொங்கல் வைக்க ஊர் அரிசி அனுப்பலாம் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். தானியங்களைத் தாக்கும் காப்ரா வண்டு காரணமாக, அந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து தனிநபர்கள் அரிசி அனுப்ப அமெரிக்கா தடை விதித்திருக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. இறைச்சி, கருவாடு போட்ட தொக்கு வகைகளைத் தவிர்ப்பதே நல்லது.

மற்ற நாடுகளில் அன்பளிப்புக்கான வரம்பு வேறு வேறு. பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடா டாலர். சிங்கப்பூரில் விமானத் தபாலிலோ கூரியரிலோ போகும் பார்சலுக்கு 400 சிங்கப்பூர் டாலர். அதைத் தாண்டினால் 9 சதவீத ஜிஎஸ்டி. இங்கெல்லாம் பெரும்பாலும் பழைய முறைதான். வரி வந்தால் வாங்குபவர் கட்டுவார், கையாளும் கட்டணம் என்று அங்குள்ள தபால் நிறுவனமும் கொஞ்சம் சேர்க்கும். அனுப்பும் முன் ஒரு வாட்ஸ்அப் தகவல் போட்டுவிட்டால், வாசலில் நின்று அவர்கள் முழிக்க வேண்டியிருக்காது.

நமக்கு வரும் பார்சலுக்கு?

இதுதான் இந்தப் பகுதியில் அதிகம் பேரைப் பாதிப்பது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரால் சிதறிய குடும்பங்களில் ஒருவர் இங்கே, ஒருவர் கனடாவில், ஒருவர் ஐரோப்பாவில் என்பது சாதாரணம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வீடுகளும் இந்த மாவட்டத்தில் நிறைய. அங்கிருந்து ஷூ, ஜாக்கெட், செல்போன் என்று அன்பாக அனுப்புவார்கள்.

முன்பு குறிப்பிட்ட மதிப்பு வரை அன்பளிப்புக்கு இந்தியாவில் வரி விலக்கு இருந்தது. சில வெளிநாட்டு ஷாப்பிங் தளங்கள் தங்கள் விற்பனைப் பொருளை எல்லாம் ‘கிஃப்ட்’ என்ற பெயரில் அனுப்பத் தொடங்கின. விளைவு, 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அன்பளிப்பு என்று சொல்லித் தபாலிலோ கூரியரிலோ வரி இல்லாமல் பொருள் கொண்டுவர முடியாது. முழு வரி கட்டினால் வரும். விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கி கயிறு. கயிற்றோடு சேர்த்து அனுப்பும் ஸ்வீட் பாக்ஸுக்கு விலக்கு இல்லை என்றும் அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆன்லைன் கம்பெனிகள் செய்த தந்திரத்துக்கு, தம்பிக்கு ஷூ அனுப்பும் அண்ணனும் சேர்ந்து விலை கொடுக்கிறார். சிறிய தொகைக்காவது விலக்கு வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

வரிக் கணக்கு எப்படி? அமெரிக்கா பொருள் விலையை மட்டும் பார்க்கிறது. இந்தியா பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டிக்கொள்கிறது. 10,000 ரூபாய் ஷூ, அனுப்பிய செலவு 2,000 என்றால் கணக்கு 12,000-இல் தொடங்கும். அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (பொருளுக்குப் பொருள் இது மாறும்). அது 2,400. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல கூடுதல் வரி, 240. இப்போது மொத்தம் 14,640. இதன் மேல்தான் ஐஜிஎஸ்டி. 18 சதவீதம் என்றால் 2,635. எல்லா வரியும் சேர்ந்து 5,275 ரூபாய். வரி மேல் வரி போடுவதால்தான், 20-உம் 18-உம் 38 தானே என்று மனக்கணக்கு போடுபவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள்.

தபாலில் வந்தால், சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் சுங்க அதிகாரிகள் மதிப்பிட்டுத் தொகையைக் குறித்துவிடுவார்கள். நீங்கள் அதைக் கட்டிப் பார்சலைப் பெற்றுக்கொள்ளலாம், ரசீது கேட்டு வாங்குங்கள். மதிப்பு தவறு என்று நினைத்தால், பணம் கட்டிப் பெட்டியை வாங்குவதற்கு முன்பே பில்லைக் காட்டி மறு மதிப்பீடு கேட்பதுதான் சரியான நேரம். பில்லின் நகல் பெட்டிக்குள் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. கூரியரில் வந்தால் ஆதார் போன்ற அடையாளச் சான்று கேட்பார்கள். வரியை அவர்கள் முதலில் கட்டிவிட்டு, சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிப்பார்கள்.

சிப்காட் யூனிட்டுகளுக்கு ஒரு வார்த்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்ன யூனிட் நடத்துபவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு சாம்பிள் அனுப்பும்போது, மதிப்பு ‘பூஜ்யம்’ என்று எழுதும் பழக்கம் உண்டு. அது சுங்கத்தில் நிற்கும். இலவச சாம்பிளாக இருந்தாலும் ஒரு நியாயமான மதிப்பை எழுதி, விற்பனைக்கு அல்ல என்று குறிப்பிட வேண்டும். எஃகு, அலுமினியப் பொருள்களுக்கு 2025 ஜூன் 4 முதல் அமெரிக்காவில் தனியாக 50 சதவீத வரி விதிக்கப்பட்டது. கூரியரில் போனால் பொருளின் குறியீட்டு எண்ணைப் பொறுத்துத்தான் வரி என்பதால், அந்த எண்ணைத் தவறாகப் போடுவது செலவு வைக்கும். தொழில்முறையாகத் தபாலில் ஏற்றுமதி செய்ய, 2022 முதல் அஞ்சலகங்களில் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற ஏற்றுமதி மையங்கள் இயங்குகின்றன. ஆவணங்களை ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

‘உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு’

இப்படி ஒரு போன் வந்தால் முதலில் நிதானம். பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண்ணில் புக் ஆகியிருக்கிறது, வீடியோ காலிலேயே இருங்கள் என்று மிரட்டும் கும்பல்கள் நாடு முழுக்கப் பணம் பறித்திருக்கின்றன. வெளிநாட்டு நண்பர் அனுப்பிய விலை உயர்ந்த கிஃப்ட் வந்திருக்கிறது, வரியை உடனே இந்த யுபிஐ எண்ணுக்குப் போடுங்கள் என்பது இன்னொரு ரகம்.

சுங்கத் துறை எந்தத் தனிநபர் கணக்குக்கும் போனில் பணம் கேட்காது. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை. 2019 நவம்பர் முதல் சுங்கத் துறையின் கடிதங்கள், சம்மன்களில் ‘டிஐஎன்’ என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அது உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பார்சல் நிஜமாகவே வருகிறதென்றால் அதற்கு ஒரு டிராக்கிங் எண் இருக்கும். அனுப்பியவரிடமே கேட்டு, அஞ்சல் துறை அல்லது கூரியர் தளத்தில் சரிபாருங்கள். பணம் போய்விட்டதா? 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியிலேயே முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.